சாயத்துக்கு வந்த மரத்தில் வயலின் வில்... யார் இந்த பிரான்சுவா டூர்ட்?

கேரளா பக்கம் ஓட்டலில் சாப்பிட்டிருந்தால் கவனித்திருப்பீர்கள். டம்ளரில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைப்பார்கள். அந்த நிறத்தைத் தருவது பதிமுகம் என்ற மரத்தின் சிராய். இதே சிவப்புச் சாயம் உள்ள ஒரு சொந்தக்கார மரம் பிரேசில் நாட்டில் இருக்கிறது. பெயர் பெர்னாம்புகோ.

உலகின் தலைசிறந்த வயலின் வில்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மரத்தில்தான் செய்யப்படுகின்றன. வயலின் என்றால் இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி எப்படியோ, வில் என்றால் பாரிசின் பிரான்சுவா டூர்ட். சாய மரத்தை இசை மரமாக்கியதில் இவருக்குத்தான் பெரிய பங்கு. அந்த மரமே இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது.

கடிகாரக் கடையில் தொடங்கிய வாழ்க்கை

டூர்ட் பிறந்தது 1747-ஆம் ஆண்டு வாக்கில், பாரிசில். அப்பா நிக்கோலா பியர் டூர்ட் வில் செய்யும் தொழிலாளி. அண்ணனும் அதே தொழில்தான். ஆனால் இளையவரான பிரான்சுவாவை கடிகாரம் செய்யும் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே சுமார் 8 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

பிறகு குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். கடிகார வேலை கற்றுக்கொடுத்த நுணுக்கம் கையோடு வந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. நல்ல மரம் வாங்கக் காசில்லாததால், சர்க்கரை வந்த பழைய பீப்பாய்களின் பலகையில் வில் செய்து பழகினாராம்.

பழைய வில்லில் என்ன பிரச்சினை?

அன்றைய வில் இன்றைய வில்லைப் போல இருக்காது. அம்பு விடும் வில் மாதிரி வெளிப்பக்கமாக லேசாக வளைந்திருக்கும், நீளமும் குறைவு. பாம்புத் தோல் போல வரிகள் ஓடும் ஸ்நேக்வுட் என்ற தென் அமெரிக்க மரத்தில்தான் நல்ல வில்களைச் செய்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அந்தக் கால நடன இசைக்கும் சின்ன அறைகளில் நடக்கும் கச்சேரிக்கும் அது போதுமானதாக இருந்தது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. அரங்குகள் பெரிதாகின. கடைசி வரிசை வரை கேட்கும் கம்பீரமான ஒலியும், அறுபடாமல் நீளும் நாதமும் தேவைப்பட்டன. 1782-ல் இத்தாலிய வயலின் மேதை வியோட்டி பாரிசில் வாசித்து ஊரையே அசத்தினார். அவருடைய வாசிப்புக்கு ஏற்ற வில்லை டூர்ட் உருவாக்கினார் என்பது இசை வரலாற்றாளர்கள் பலரின் கருத்து.

சாயக் கட்டைகளுக்கு நடுவே தேடல்

டூர்ட் பல மரங்களைச் சோதித்துப் பார்த்தார். கடைசியில் அவர் மனம் நின்றது பெர்னாம்புகோவில்.

இந்த மரம் ஐரோப்பாவுக்கு வந்தது இசைக்காக அல்ல. துணிக்குச் சிவப்பு நிறம் ஏற்ற, கப்பல் கப்பலாக வந்தது. பிரேசில் என்ற நாட்டின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். முதலில் ஆசியாவிலிருந்து போன பதிமுகத்தைத்தான் ஐரோப்பியர்கள் பிரேசில் கட்டை என்று அழைத்தார்கள். 1500-ல் போர்ச்சுகீசியர்கள் தென் அமெரிக்காவில் இறங்கியபோது அதே சாயம் தரும் மரங்களைக் கண்டார்கள். மரத்துக்கும் அதே பெயர், பிறகு நாட்டுக்கும் அதே பெயர்.

சாயக்காரருக்கு மரம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை, எப்படியும் தூளாக்கத்தான் போகிறார். வில் செய்பவருக்கு அப்படி முடியாது. முடிச்சு, வெடிப்பு எதுவும் கூடாது, நார் நேராக ஓட வேண்டும். அப்படிப்பட்ட கட்டை குவியலில் ஒன்றிரண்டு கிடைப்பதே அதிகம். போதாக்குறைக்கு அது பிரான்சும் பிரிட்டனும் கடலில் மோதிக்கொண்டிருந்த காலம். கப்பல் வருவது குறைந்தது, கட்டையின் விலை ஏறியது. அப்படியும் டூர்ட் வேறு மரத்துக்கு இறங்கிப் போகவில்லை.

அப்படி என்னதான் இருக்கு இந்த மரத்துல?

பெர்னாம்புகோ கனமான மரம். ஒரே நேரத்தில் விறைப்பாகவும் இருக்கும், வளைத்தால் துள்ளித் திரும்பவும் செய்யும். அதிர்வை அதிகம் விழுங்காது. சூடு காட்டி வளைத்தால் அந்த வளைவை ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும். வில்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தக் குணத்தை டூர்ட் முழுதாகப் பயன்படுத்தினார். குச்சியை நெருப்பில் வாட்டி, பழைய வில்லுக்கு நேர்மாறாக, குதிரை முடி இருக்கும் பக்கமாக உள்வாங்கி வளைத்தார். நீளத்தை சுமார் 74 முதல் 75 சென்டிமீட்டர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். நுனியைச் சற்று உயர்த்திக் கனமாக்கினார். அடியில் முடி கொத்தாகத் திரளாமல் பட்டையாக விரிய, உலோக வளையம் வைக்கும் முறையும் அவர் காலத்தில்தான் நிலைபெற்றது. கைப்பிடிக்கு கருங்காலி, ஆமை ஓடு, முத்துச்சிப்பி.

குச்சியின் தடிமன் அடியில் சுமார் 8.6 மில்லிமீட்டர், நுனியில் சுமார் 5.3 மில்லிமீட்டர். நடுவில் அது எப்படிக் குறைகிறது என்பதில்தான் வித்தை. அவருக்குப் பின் வந்த வியோம் என்ற பிரெஞ்சு வயலின் தயாரிப்பாளர் பல டூர்ட் வில்களை அளந்து பார்த்தார். தடிமன் ஒரு கணிதச் சூத்திரத்துக்கு ஒத்த மாதிரி சீராகக் குறைவது தெரியவந்தது. பள்ளிக்கூட வாசனையே இல்லாதவர், அதைக் கண்ணாலும் விரலாலும் கணக்குப் போட்டிருந்தார்!

பெயர் போடாத கைவினைஞர்

டூர்ட் தன் வில்களில் முத்திரை குத்தும் வழக்கம் வைத்துக்கொள்ளவில்லை. 1824-ல், தனது 77 வயதில் செய்தது என்று குறிக்கும் சீட்டு ஒட்டிய வில் கிடைத்திருப்பது அபூர்வம். சின்னக் குறை இருந்தாலும் விற்காமல் அழித்துவிடுவார் என்பார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது, நெப்போலியன் வந்து போனார். டூர்ட் மட்டும் சேன் நதிக்கரையில் இருந்த தன் பட்டறையில் குச்சி சீவிக்கொண்டே இருந்தார். 80 வயதைத் தாண்டியும் வேலையை விடவில்லை. மாலையானால் நதியில் படகில் உட்கார்ந்து தூண்டில் போடுவதுதான் பொழுதுபோக்கு. 1835-ல் காலமானார். அன்று சில பொற்காசுகளுக்கு விற்ற அவருடைய வில் ஒன்று, 2017-ல் பிரான்சில் நடந்த ஏலத்தில் 5 லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

டூர்ட் வாழ்ந்த அதே காலகட்டத்தில்தான் இங்கே பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் சபா மேடைகளில் வயலினுக்கு மேல் ஓடும் வில்லும் டூர்ட் வகுத்த வடிவத்தில் வந்ததுதான்.

மரத்துக்கு என்ன ஆச்சு?

பெர்னாம்புகோ இயற்கையாக வளர்வது பிரேசிலின் அட்லாண்டிக் கடலோரக் காடுகளில் மட்டும். சாயத்துக்காக நூற்றாண்டுக் கணக்கில் வெட்டினார்கள். கரும்பு, காபி, மாட்டுப் பண்ணை, நகரம் என்று காடும் பெரும்பகுதி போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயம் வந்ததும் சாயத் தேவை ஓய்ந்தது, வில்லுக்கான தேவை ஓயவில்லை.

1978-ல் பிரேசில் இதைத் தேசிய மரமாக அறிவித்தது. 2007 முதல் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. வில் செய்பவர்களே அமைப்பு தொடங்கி பிரேசிலில் கன்று நடுகிறார்கள். கார்பன் ஃபைபர் வில்லும் வந்துவிட்டது. ஆனாலும் பெரிய கலைஞர்கள் பலர் பெர்னாம்புகோவை விடத் தயாராக இல்லை.

காட்டை அழித்ததில் வில்லின் பங்கு சிறியதுதான். ஒரு வில்லுக்கு வேண்டியது ஒரு சின்னக் குச்சி. ஆனால் மிச்சமிருக்கும் மரம் கொஞ்சம் எனும்போது அந்தக் குச்சியும் கணக்கில் வருகிறது. இன்று நடும் கன்று வில்லுக்கு ஏற்ற வைரம் பாய்ந்த மரமாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை, டூர்ட் காலத்திலிருந்து கைமாறி வந்த பழைய வில்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது வாசிப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.