ஜிம் தார்ப்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று ஓக்லஹோமா எனப்படும் நிலப்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செவ்விந்தியர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே, சாக்-பாக்ஸ் என்னும் குடியில், 1887-ஆம் ஆண்டையொட்டி இரட்டையராகப் பிறந்த ஆண்மக்களுள் ஒருவரே ஜிம் தார்ப். ஒளி பொருந்திய பாதை எனப் பொருள்படும் பெயரொன்றும் அவருக்குத் தம் குலமொழியில் இருந்தது. உடன்பிறந்த இரட்டையன் இளம் பருவத்திலேயே நோயுற்று மாண்டான். சில ஆண்டுகளில் அன்னையும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர்.

1904-ஆம் ஆண்டில் அவர் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கார்லைல் என்னும் ஊரின் செவ்விந்தியர் தொழிற்பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளி கல்வி தந்தது உண்மையே. ஆயினும், பிள்ளைகளின் நீண்ட கூந்தலைக் கத்தரித்து, தாய்மொழியில் பேசுவதையும் தடுத்தது. கல்வியென்னும் பெயரால் ஓர் இனத்தின் அடையாளத்தையே அழிக்க முயன்றமை வருந்தத்தக்கது.

1907-ஆம் ஆண்டில் ஒருநாள், மாணவர் சிலர் உயரத் தாண்டிப் பழகுவதைத் தார்ப் கண்டார். 5 அடி 9 அங்குல உயரத்தில் வைத்திருந்த குறுக்குக் கம்பியை அவர்களால் தாண்ட இயலவில்லை. வேலைக்குரிய முரட்டு உடையுடனேயே ஓடிவந்த தார்ப், அதனை எளிதில் தாண்டிவிட்டுத் தம் வழியே சென்றார். இச்செய்தி பயிற்சியாளர் வார்னரின் செவிக்கு எட்டியது. மறுநாள் முதலே அவர் ஓட்டப் பந்தயக் குழுவில் ஒருவரானார்.

அவர் உள்ளமோ கால்பந்தையும் நாடியது. அமெரிக்கர் ஆடும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி, எதிர்ப்பவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடும் வன்மையான ஆட்டம் அது. சிறந்ததோர் ஓட்டக்காரரை அதில் இழந்துவிடுவோமோ என வார்னர் அஞ்சினார். ஆடுகளத்தில் தார்ப்பைப் பிடிக்க எவராலும் இயலாமை கண்டு அச்சம் நீங்கினார். 1911-இல், வலிமை மிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவைக் கார்லைல் 18-க்கு 15 என வென்றது. காயமுற்ற காலுடன் ஆடிய தார்ப், நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் பன்னிரண்டு புள்ளிகள் ஈட்டினார்.

1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் ஆட்டங்கள் நிகழ்ந்தன. ஐந்திறப் போட்டியின் ஐந்து பகுதிகளுள் நான்கில் தார்ப் முதலிடம் பெற்றார். அவ்வாட்டங்களின்போது அவருடைய காலணிகள் காணாமற்போயின. கிடைத்த இரு வேறு காலணிகளை அணிந்தே அவர் களம் புகுந்தார். பதின்திறப் போட்டியில் 8,412 புள்ளிகள் பெற்று, இரண்டாமவரை ஏறத்தாழ 700 புள்ளிகளால் விஞ்சினார். சுவீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ், உலகின் தலைசிறந்த வீரரென அவரைப் பாராட்டினார்.

அப்புகழ் ஆறு திங்களே நிலைத்தது. 1909, 1910-ஆம் ஆண்டுகளின் கோடைக்காலத்தில், வட கரோலினாவில் சிறு கூலிக்கு அவர் பேஸ்பால் ஆடிய செய்தி 1913-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. பணத்திற்காக ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளலாகாது என்பது அந்நாளைய விதி. கல்லூரி மாணவர் பலர் புனைபெயர்களில் மறைந்து அவ்வாறே ஆடினர். தார்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். கள்ளமின்மையே அவருக்குக் கேடாயிற்று. ஆட்சேபம் எழுப்புவதற்குரிய முப்பது நாள் கெடு எப்போதோ கடந்துவிட்டது. எனினும் பதக்கங்கள் திரும்பப் பெறப்பட்டன.

பணத்திற்காக ஆடியவர் என்ற பழி வந்தபின், ஆட்டத்தையே அவர் வாழ்வுத் தொழிலாகக் கொண்டார். முதலில் பெரும் பேஸ்பால் குழுக்களில் இடம்பெற்றார். 1915-இல் ஓஹாயோ மாநிலத்துக் கான்டன் புல்டாக்ஸ் என்னும் கால்பந்துக் குழு, ஓர் ஆட்டத்திற்கு 250 டாலர் தந்து அவரை அழைத்தது. தொழில்முறைக் கால்பந்து அன்று சிறு தொழில் நகரங்களின் பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. தார்ப் ஆடுகிறார் என்றதும் மக்கள் திரண்டனர். 1920-இல், கான்டன் நகரத்து மோட்டார் விற்பனைக் கடையொன்றில் குழுத் தலைவர்கள் கூடி ஒரு சங்கத்தை அமைத்தனர்; அதன் முதல் தலைவராகத் தார்ப்பையே தேர்ந்தனர். அச்சங்கமே 1922-இல் தேசியக் கால்பந்துச் சங்கம் எனப் பெயர் மாறியது. செவ்விந்தியர்களே ஆடிய ஒரு குழுவையும் அவர் ஈராண்டுகள் நடத்தினார். 1928-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப்பின் வறுமை சூழ்ந்தது. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மண்வெட்டும் கூலியாளாக அவர் உழைத்தார். 1932-இல் அந்நகரிலேயே ஒலிம்பிக் ஆட்டங்கள் நடந்தபோது நுழைவுச்சீட்டு வாங்கவும் அவரிடம் பொருளில்லை. இதை அறிந்து, செவ்விந்திய மரபினரான துணைத் தலைவர் சார்லஸ் கர்ட்டிஸ் தம்மருகே அமருமாறு அவரை அழைத்தார். அரங்கில் தார்ப் இருப்பதை உணர்ந்த ஏறத்தாழ ஓரிலக்கம் மக்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர்.

அரை நூற்றாண்டின் சிறந்த விளையாட்டு வீரரென 1950-இல் செய்தியாளர்கள் அவரைத் தேர்ந்தனர். 1953-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். பதக்கங்கள் அவர் கைக்கு மீளவில்லை. 1982-இல் ஒலிம்பிக் குழு அவர் வெற்றியை மீண்டும் ஏற்றது. ஆயினும், இரண்டாமிடம் பெற்றோருடன் இணைந்த முதல்வராகவே அவரைக் குறித்தது. பதின்திறப் போட்டியில் இரண்டாமவரான சுவீடன் நாட்டு வீஸ்லாண்டரோ, தமக்கு அளிக்கப்பட்ட முதலிடத்தைத் தம் வாழ்நாளில் மனமார ஏற்றவரல்லர். 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இரு போட்டிகளுக்கும் தார்ப் ஒருவரே முதல்வர் என அறிவிக்கப்பட்டபோது, ஸ்டாக்ஹோம் ஆட்டங்கள் முடிந்து 110 ஆண்டுகள் ஆகியிருந்தன.