கருஞ்சேற்று வீரர்

வரலாற்று நூல்கள் நெப்போலியனுக்கு ஏடு ஏடாக இடம் தருகின்றன. உழவர் வீட்டுப் பிள்ளையான என் மனம் நாடியதோ, அவரை எதிர்த்த ஸ்பெயின் உழவர் ஹுவான் மார்ட்டின் டீயெஸை!

1775-இல் காஸ்ட்ரில்யோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் ஓடையின் கருஞ்சேற்றைச் சுட்டி ஊராரை 'எம்பெசினாதோ' என்று அயலார் கேலி செய்வர். அதுவே அவர் பெயராக நிலைத்தது.

1808-இல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஏழாம் பெர்டினாந்தைச் சிறைவைத்தார். நாடு கொதித்தெழுந்தது. ஜூன் 12 அன்று லசாலின் பிரெஞ்சுப் படை வல்லதோலித் நகரை நெருங்கியது. ஸ்பானியத் தளபதி குவெஸ்தாவிடம் இருந்தோர் ஏறத்தாழ 5,000 பேர், பெரும்பாலோர் பயிற்சியற்றவர்கள். கபெசோன் பாலத்தைத் தகர்த்துவிட்டு ஆற்றுக்கு அப்பால் காத்திருக்கலாம். அவரோ பிசுவேர்கா ஆறு முதுகுப்புறமிருக்க அவர்களை நிறுத்தினார்! பகைவர் பாய்ந்ததும், தப்ப இருந்த வழி அந்த ஒற்றைப் பாலமே. நகரம் வீழ்ந்தது. ஏர் பிடிப்பவரும் செய்யாத பிழை இது என்பேன்.

அக்களத்தில் நின்ற எம்பெசினாதோ, பின்னர் வெட்டவெளிப் போரைக் கைவிட்டார். கெரில்லாப் படை திரட்டிப் பிரெஞ்சுக்காரரின் தபாலையும் உணவு வண்டிகளையும் வழிமறித்தார். ஓவியர் கோயா அவர் உருவத்தைத் தீட்டினார்.

1814-இல் மீண்ட மன்னர், 1812-இன் அரசியலமைப்பை ரத்து செய்தார். அதை மீண்டும் தரக் கேட்டதே இவர் குற்றம்! 1823-இல் பிரெஞ்சுப் படை மறுபடியும் வந்தது, இம்முறை மன்னருக்குத் துணையாக. பிடிபட்டவரை ரோவா ஊரில் இரும்புக் கூண்டிலிட்டுச் சந்தை நாட்களில் காட்சிப்பொருளாக்கினர். 1825 ஆகஸ்ட் 20-இல் தூக்கிலிட்டனர்.

எம்பெசினாதோ என்றால் இன்று ஸ்பானிய மொழியில் பிடிவாதக்காரர் என்று பொருள்.