விஞ்ஞானிக்கு வாத்தியார் குடியானவர்!

சின்னசேலம் பக்கம் கரும்பு வெட்டியதும் சோகைக்குத் தீ வைக்கிற வழக்கம் உண்டு. அந்தப் புகையைக் கண்டிருந்தால் ஒரு வெள்ளைக்காரர் பதறியிருப்பார். அவர்தான் ஸர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

1873-ல் இங்கிலாந்தில் குடியானவர் வீட்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோயை ஆராயும் வேலை கிடைத்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை. சொந்தமாகப் பயிரிட்டுப் பார்க்க ஒரு துண்டு நிலம் இல்லை! தாம் செய்து பார்க்காததைப் பிறருக்கு எப்படிச் சொல்வது?

1905-ல் இந்தியா வந்தார். பீகாரில் உள்ள பூசாவில் சர்க்கார் உத்தியோகம். அங்கே 75 ஏக்கர் நிலம் பெற்றுக் காளை பூட்டி உழுதார். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் மருந்து தெளிக்காமலே நல்ல பயிர் எடுத்தார்கள். அதைக் கண்டார். படித்த படிப்பை ஓரம் வைத்து, அவர்களை வாத்தியாராக ஏற்றார். பூச்சியும் அவருக்கு வாத்தியார்தான். எந்தப் பயிர் நலிந்திருக்கிறது என்று அது காட்டிக் கொடுக்குமாம்!

கோமாரி கண்ட மாடுகளோடு மூக்கு உரசியும் தம் காளைகளுக்கு நோய் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். நல்ல மண்ணில் விளைந்த தீவனமே காரணம் என்பது அவர் கட்சி. இதை நம்பி யாரும் தடுப்பூசியை விட்டுவிட வேண்டாம்.

அவர் மனைவி கேப்ரியேலும் விஞ்ஞானி. இருவரும் சேர்ந்து புதிய கோதுமை ரகங்கள் கண்டார்கள். ஆனால் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிக்கு ஒருவர், நோய்க்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர் என்று தனித்தனி அறை. முழுப் பயிரை யார் பார்ப்பது? 1924-ல் இந்தூரில் புதிய நிலையம் அமைத்தார். அறைச் சுவர் இல்லாமல் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பருத்தி மார், களை, சருகு எதையும் அங்கே எரிக்கவில்லை. அடுக்கடுக்காகப் போட்டார்கள். நடுவே சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல். தண்ணீர் தெளித்து மூன்று முறை புரட்டினால் மூன்றே மாதத்தில் எரு!

1930-ல் கேப்ரியேல் இறந்தார். மறு ஆண்டு ஹோவர்ட் இந்தியாவை விட்டுப் போனார். யஷ்வந்த் வாட் என்பவரோடு எழுதிய எருப் புத்தகமும் 1931-ல் வெளிவந்தது.

மண்வளம் கெடாத உழவை ஐக்கிய நாடுகள் சபை தன் குறிக்கோள்களில் சேர்த்தது 2015-ல். ஹோவர்ட் காலமானது 1947-ல். அதற்குள் கென்யாவின் காப்பித் தோட்டங்களிலேயே இந்தூர் எருக்குவியல்கள் எழுந்துவிட்டன.