ஒற்றி வழக்கை ஏட்டில் ஏற்றிய திசாவை

யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகளிலே தேசவழமை என்னும் பெயர் ஒலிக்குந்தோறும் நினைக்கத்தக்கவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர்.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஐசாக்ஸ் இம்மக்களிடையே 37 ஆண்டுகள் வாழ்ந்து, திசாவை என்னும் உயர்பதவியும் வகித்தார். அந்நாளில் வழக்காறுகள் முதியோர் நினைவிலேயே இருந்தன. ஈடு வைத்தவனும் பிடித்தவனும் இறந்துபட்டால், காணி ஒற்றியா, விலையா என்று மக்கள் பிணங்குவர். எழுதா வழக்கைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் அந்நிய நீதிபதிகளுக்கு எளிதன்று. ஆதலின் 1706இல் தேசாதிபதி சைமன்ஸ் வழமைகளைத் தொகுக்குமாறு பணித்தார். 1707 சனவரியில் ஐசாக்ஸ் அப்பணியை நிறைவேற்றினார். யான் பீரூஸ் என்பவர் அதனைத் தமிழாக்க, 12 முதலியார்கள் ஆராய்ந்து உடன்பட்டனர்.

அந்நூலில் ஒற்றி பற்றிய பகுதி உழவன் வாழ்வோடு ஒட்டியது. ஒற்றி பிடித்தவன் காணியை ஆண்டு அதன் விளைவை அனுபவிப்பான். அவ்விளைவே வட்டிக்கு ஈடாகும். ஆகவே கடன் ஆண்டுதோறும் வளர்வதில்லை. வாங்கிய முதலைத் திருப்பிக் கொடுத்தால் முன்னோர் நிலம் மீண்டு வரும். ஆயினும் நினைத்த நாளில் மீட்டல் கூடாது. வரகு நிலம், நெல்வயல், பயன்தரு மரங்கள் என்பவற்றின் பருவம் நோக்கியே மீட்க வேண்டும். உழுது விதைத்தவன் அறுவடைக்கு முன் வெறுங்கையோடு வெளியேறுதல் நீதியன்று. இவ்வாறு உடையவன் உரிமையும் உழைத்தவன் பயனும் ஒருங்கே காக்கப்பட்டன.

ஐசாக்ஸ் சட்டத்தை ஆக்கியவரல்லர்; கண்டதைப் பதிந்தவர். அதனாலேயே அக்காலத்து அடிமை வழக்கமும் அவர் ஏட்டில் இடம்பெற்றது. அக்கறையை 1844இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் துடைத்தது. ஒற்றி முதலிய காணி வழமைகளோ நிலைத்தன. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். பின்னர் 1911இலும் 1947இலும் எழுந்த கட்டளைச் சட்டங்கள் அதன் சில பகுதிகளைத் திருத்தின.

வறுமையால் நிலத்தை ஈடு வைத்தவன் அதனை என்றென்றைக்கும் இழந்தவனாகான் என்பது இம்மண்ணின் பழைய அறம். அதனைக் கண்டு சொன்னோர் நம் முன்னோர். அழியாது எழுதிவைத்தவர் அயல்நாட்டு அதிகாரி ஒருவர். அவ்வளவில் யாழ்ப்பாணம் அவருக்குக் கடப்பாடுடையது.