ஏலாக்குறிச்சியின் முதல் எழுத்து

நோட்டுக்கு அட்டை போட்டு லேபிளில் ஊர்ப் பெயர் எழுதுறோம். முதல் எழுத்து 'ஏ'. அதுக்குக் கீழே ஒரு கோடு இழுக்கிறோமே, அதைக் கொண்டு வந்தவர் நம்ம ஊரில் வாழ்ந்தவர். அவர்தான் வீரமாமுனிவர்!

இவர் 1680 நவம்பர் 8-இல் இத்தாலியில் பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைக் குருவாகி, 1710-இல் கப்பலில் கோவா வந்து, பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நமக்கு ஒண்ணாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்தும் இலக்கணம் என்றால் பயம்! அவரோ இலக்கண நூலே எழுதினார். அதுதான் தொன்னூல் விளக்கம்.

முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறகுதான் வீரமாமுனிவர் ஆனார். காவி உடுத்தார், மரக்கறி உணவே சாப்பிட்டார்.

அந்தக் கால ஓலைச்சுவடியில் எ, ஒ என்ற குறில்களுக்கு மேலே புள்ளி வைக்கணும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழிஞ்சிடும். அதனால் பலர் புள்ளியே வைக்க மாட்டார்கள். அப்புறம் 'எரி'யா 'ஏரி'யா, 'கெடு'வா 'கேடு'வா என்று படிப்பவர்தான் ஊகிக்கணும். ஏரியில் தண்ணீர் இருக்கு என்பதை எரியில் என்று படித்தால் என்ன ஆகும்! வீரமாமுனிவர் புள்ளியை விட்டுவிட்டு நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். ஏ-வுக்குக் கீழே கோடு, ஓ-வுக்குச் சுழி, கே, கோ போன்றவற்றுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு. அதைத்தான் இன்றைக்கும் எழுதுகிறோம்.

சூசையப்பர் வரலாற்றை 3615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடினார். 1732-இல் சதுரகராதி தந்தார். அதுவரை சொற்பொருள் தெரிய நிகண்டுப் பாட்டை மனப்பாடம் பண்ணணும். இவர் அகர வரிசையில் தேட வைத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார்.

இவ்வளவு பெரிய புலவர் நம்மைச் சிரிக்க வைக்கவும் எழுதினார்! பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் நினைவிருக்கா? ஆறு தூங்குதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்ப்பார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று காசு கொடுத்து வாங்குவார்கள். ஆறாம் வகுப்புத் தம்பிகள் கட்டாயம் படிக்கவும்.

நம்ம ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். அடைக்கல அன்னை மேல் அவர் பாடிய திருக்காவலூர்க் கலம்பகம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1747-இல் கேரளத்து அம்பலக்காட்டில் இறந்தார். இத்தாலிக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். மெட்ராஸ் போனால் தேடிப் பாருங்க, நம்ம ஊர்க்காரர் கடற்கரையில் நிற்கிறார்.