ஆயிரம் கடிதம் கேட்டவர்

டோரதி என்ற சிறுமியையும் அவளுடைய நாய்க்குட்டி டோட்டோவையும் சூறாவளி வீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஒரு மாயநாட்டில் இறக்கிவிடும் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சினிமாவாகவோ கார்ட்டூனாகவோ பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டின் பெயர் ஓஸ். அதை உருவாக்கியவர் எல். பிராங்க் பாம்.

இவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1856-ம் ஆண்டு மே 15-ம் தேதி பிறந்தார். பிறவியிலேயே இதயம் பலவீனம். ஓடியாடி விளையாட முடியாததால் புத்தகமே துணை. 12 வயதில் ராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள். கற்பனையில் மிதக்கும் பையனுக்கு அந்தக் கெடுபிடி சரிப்பட்டு வருமா? இரண்டே ஆண்டுகளில் வீடு திரும்பினார்.

பிறகு அவர் பார்க்காத வேலை இல்லை. கோழி வளர்த்தார், நாடகம் போட்டார், கடை வைத்தார், பத்திரிகை நடத்தினார். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் சிகாகோ நகரில் பீங்கான் பாத்திரங்களுக்கு ஆர்டர் பிடிக்கும் விற்பனையாளர் ஆனார். ஊர் ஊராக அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நான்கு மகன்களும் கதை கேட்டுச் சூழ்ந்துகொள்வார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். இந்தக் கதைகளை எழுதி வையுங்கள் என்று மாமியார் வற்புறுத்தினார். அந்த மாமியாருக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும்!

1900-ல் ஓஸ் நாட்டு மந்திரவாதியின் கதை புத்தகமாக வெளிவந்தது. அப்போது பாமுக்கு வயது 44. அந்த ஒரு புத்தகத்தோடு ஓஸ் கதையை முடித்துக்கொள்வதுதான் அவர் எண்ணம். ஆனால் தபால்காரர் விடவில்லை. குழந்தைகளிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. சோளக்கொல்லை பொம்மையும் தகர மனிதனும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று கேட்டு எழுதினார்கள்.

ஏதோ பாராட்டுக்காக எழுதுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். மாதங்கள் போய், வருடங்களும் போயின. கடிதங்கள் நிற்கவில்லை. ஒருநாள் ஒரு சிறுமி வெகுதூரம் பயணம் செய்து அவரை நேரில் பார்க்கவே வந்துவிட்டாள். அவள் பெயரும் டோரதி! ஆயிரம் சிறுமிகள் ஆயிரம் கடிதம் எழுதினால் அடுத்த கதை எழுதுகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தார். நடக்காது என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ! ஆயிரம் கடிதங்களும் வந்து சேர்ந்தன. 1904-ல் ஓஸ் நாட்டின் இரண்டாவது புத்தகம் வெளியானது.

அதன்பின் கடிதங்களைப் படிப்பது அவருக்குப் பெரிய சந்தோஷம் ஆகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் எந்த எழுத்தாளரும் மகிழ்வார். இவருடைய வாசகர்களோ கதைக்குள் புகுந்து கேள்வி கேட்டார்கள். முதல் புத்தகத்தில் பலூனில் பறந்துபோன மந்திரவாதி எப்போது கீழே இறங்குவார் என்று காத்திருந்தார்கள். 1908-ல் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார் பாம். டோட்டோ வேண்டும் என்று கேட்டார்கள். 1909-ல் டோட்டோவும் வந்தது. 1910-ல் வந்த புத்தகத்தின் முன்னுரையில், கடிதம் எழுதுபவர்களையும் தன் பெயரோடு தலைப்புப் பக்கத்தில் போட வேண்டியிருக்கும் என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அதே புத்தகத்தில்தான் ஓஸ் கதைகளுக்கு முற்றுப்புள்ளியும் வைத்தார். வேறு கதைகள் எழுத அவருக்கு ஆசை. அதனால் ஓஸ் நாடு யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துவிட்டது, இனி அங்கிருந்து சேதி வராது என்று முடித்துவிட்டார். அடுத்து கடலுக்கடியில் ஒரு கதை, வானத்துத் தீவில் ஒரு கதை என இரண்டு புத்தகங்கள் எழுதினார். நல்ல கதைகள்தான். ஆனால் ஓஸ் போல விற்கவில்லை. நாடகம், படக்காட்சி என்று பணத்தை இறைத்து, 1911-ல் திவாலும் ஆனார். முதல் ஓஸ் புத்தகத்தின் வருமானம்கூடக் கடன்காரர்களுக்குப் போனது.

குழந்தைகள் மட்டும் ஓஸை விடவே இல்லை. நாடு மறைந்தால் என்ன, கம்பியில்லாத் தந்தி இருக்கிறதே என்று ஒரு வாசகர் எழுதினார். அன்று கம்பியில்லாத் தந்தி புத்தம் புதிய அதிசயம். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்! கதையை மூடிய ஆசிரியருக்கே தோன்றாத வழி அது. பாம் துள்ளிக் குதித்திருப்பார். வீட்டுக்குப் பின்னால் உயரமான கோபுரம் கட்டி, தந்தி வழியே டோரதி மூலம் ஓஸ்மாவின் அனுமதி வாங்கியதாக எழுதி, 1913-ல் ஓஸை மீண்டும் திறந்தார். பிறகு ஆண்டுக்கு ஒன்றாகப் புத்தகங்கள் வந்தன.

1917-ல் வந்த புத்தகமும் ஒரு கடிதத்தில் பிறந்ததுதான். ஓஸ் நாட்டு இளவரசி ஓஸ்மாவுக்கு அடிபட்டாலோ, அவள் காணாமல் போனாலோ அங்கே எல்லோரும் ரொம்ப வருத்தப்படுவார்களே என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு முழுக் கதையே பின்னிவிட்டார், இளவரசியைக் காணவில்லை என்று!

அப்போது அவர் கலிபோர்னியாவில் ஹாலிவுட்டில் வசித்தார். வீட்டுக்கும் ஓஸ்காட் என்றே பெயர். தோட்டத்தில் பூக்கள் வளர்த்தார். 1918-ல் அறுவை சிகிச்சை நடந்தது. இதயமும் தளர்ந்துபோய்ப் படுக்கையில் விழுந்தார். படுத்தபடியே எழுதினார். ஆனால் வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் போட முடியவில்லை. பதிலுக்கு ஸ்டாம்பு வைத்து அனுப்பியவர்களுக்கு மட்டும் எழுதினார். மற்றவர்களின் கடிதங்கள் குவிந்து கிடந்தது அவர் மனதை உறுத்தியது. புதிய புத்தகத்தின் முன்னுரையில் அதைச் சொல்லி, இனிமேல் ஒவ்வொரு கடிதத்துக்கும் உடனுக்குடன் பதில் எழுதுவேன் என்ற நம்பிக்கையையும் தெரிவித்திருந்தார்.

1919-ம் ஆண்டு மே 6-ம் தேதி, 63 வயது நிறைவதற்கு ஒன்பது நாள் முன்பு, பாம் காலமானார். அந்த முன்னுரையோடு புத்தகம் கடைக்கு வந்தது அடுத்த மாதம்தான்.