திரும்பிச் சென்ற கிண்ணம்

1529-இல் இங்கிலாந்தின் லார்டு சான்சலர் எனும் உயர் பதவியை ஏற்ற புனித தாமஸ் மூர், மன்னர் எட்டாம் ஹென்றியின் போக்கை மனச்சான்று ஏற்காததால் 1532-இல் விலகினார். பின்னர், வழக்காடியவரின் மனைவியிடம் பொன்முலாம் பூசிய கிண்ணத்தைக் கையூட்டாகப் பெற்றதாக மன்னரின் ஆலோசனை அவையில் விசாரிக்கப்பட்டார். பெற்றதை அவர் மறைக்கவில்லை. அதில் திராட்சை இரசம் ஊற்றி அப்பெண்ணை வாழ்த்திப் பருகி, அப்போதே அவர் கணவருக்குப் புத்தாண்டுப் பரிசாகத் திருப்பியனுப்பியதை விளக்கினார். கொடுத்தவரே சாட்சி சொன்னதாக மூரின் மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதியுள்ளார்.

மன்னரைத் திருச்சபைத் தலைவராக ஏற்காத மூர், 1535 சூலை 6 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார். 2000-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அரசியல் தலைவர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

கிண்ணத்துக்கு விலைபோகாததால்தான் மன்னருக்கும் அவர் விலைபோகவில்லை. தூய ஆட்சியைக் கேட்கும் நாம், சான்றிதழுக்காக மேசைக்கடியில் பணம் நீட்டாதிருப்போமா?